ஸ்கிரீன்ஷாட் போதாது, போனைக் கொண்டுவாருங்கள்

சேலத்தில் யாருக்காவது மிரட்டல் மெசேஜ் வந்தால், கணக்கிலிருந்து பணம் போனால், பெண்ணின் படத்தை எவனாவது எடுத்து ஏதாவது செய்துவிட்டால், முதல் வேலையாக ஸ்கிரீன்ஷாட் எடுக்கிறார்கள். அதைச் சித்தப்பாவுக்கு அனுப்புகிறார்கள். சித்தப்பா தெரிந்த வக்கீலுக்கு அனுப்புகிறார். வக்கீல் ஆபீசில் அதைக் கலர் பிரின்ட் எடுத்து வழக்குக் கட்டில் சேர்க்கிறார்கள். அதற்குள் வீட்டில் யாராவது, "அந்தக் கண்றாவி இன்னும் எதுக்குப் போன்ல கெடக்குது, அழிச்சுடு" என்று சொல்லி, மூல மெசேஜும் போய்விடும். பயந்துபோய்ப் போனையே ரீசெட் செய்துவிடுகிறவர்களும் உண்டு. இவ்வளவும் ஆன பிறகுதான் என்னைப் பார்க்க வருகிறார்கள்.

நான் அஸ்தம்பட்டியில், கோர்ட்டுக்கு நடந்துபோகிற தூரத்தில், டிஜிட்டல் தடயங்களை ஆராய்ந்து அறிக்கை தரும் வேலை செய்கிறேன். போன், லேப்டாப், சிசிடிவி பெட்டி, கிளவுட் கணக்கு என்று எது வந்தாலும் கேட்பது மூன்றுதான். இது நடந்ததா, எப்போது நடந்தது, யார் கையால் நடந்தது. முன்பெல்லாம் ஒரு வீடியோவைக் காட்டினால் முதல் கேள்விக்கு அதுவே பதிலாகிவிடும். இப்போது யாருடைய முகத்தையும் குரலையும் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆகிவிட்டதால், படம் தன்னந்தனியாக நின்று சாட்சி சொல்ல முடியவில்லை. அதைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்னப் பதிவுகள்தான் சொல்ல வேண்டியிருக்கிறது: ஒரு நேரக் குறிப்பு, யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கணினி தானே எழுதிவைக்கும் ஒரு லாக் வரி, ஃபைலின் கைரேகை போன்ற ஒரு ஹாஷ். யாரும் திரும்பிப் பார்க்காத இந்தப் பதிவுகள் இல்லாமல் போனால் பழி யார்மேல் விழும் என்பதை இந்த ஊரில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காவல்காரர் மேல் விழும், பட்டறைப் பையன் மேல் விழும், படத்தில் இருக்கும் பெண் மேல் விழும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்கிரீன்ஷாட்டில் என்ன குறை? அது திரையில் தெரிந்ததன் படம், அவ்வளவுதான். மேலே இருக்கும் பெயர் அனுப்பியவரின் பெயர் அல்ல, நீங்கள் சேமித்து வைத்த பெயர். என் இன்னொரு எண்ணை யாருடைய பெயரிலும் சேமித்து, எனக்கு நானே மிரட்டல் அனுப்பி, படம் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஏஐயே வேண்டாம். ஆனால் போனுக்குள் வாட்ஸ்அப் வைத்திருக்கும் தரவுத்தளத்தில் அதே மெசேஜுக்கு ஒரு தனி அடையாளம் இருக்கும். எந்தக் கணக்கிலிருந்து வந்தது, எப்போது வந்தது, எந்த மெசேஜுக்குப் பதிலாக எழுதியது என்பதெல்லாம் இருக்கும். ஆண்ட்ராய்டு போனில் நேரம் 13 இலக்க எண்ணாக இருக்கும், 1970 ஜனவரி 1 முதல் ஓடிய மில்லி வினாடிகளின் கணக்கு. மெசேஜை அழித்தாலும் சில நேரம் அந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படும்வரை மிச்சம் மீதி கிடைக்கும். ரீசெட் செய்துவிட்டால் கதை முடிந்தது. இன்றைய போன்களில் எல்லாமே மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. ரீசெட் அந்த மறையாக்கத்தைத் திறக்கும் சாவியையே அழித்துவிடுகிறது. எந்த ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாலும் திரும்பாது.

படங்களிலும் இதே கதைதான். கேமராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த நேரம், போன் மாடல், லொகேஷன் போட்டிருந்தால் இடம் எல்லாம் பதிந்திருக்கும். அதை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிப்போகும், உள்ளே இருந்த குறிப்புகளும் கழன்றுவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், ஃபைல் மாறாமல் போகும். எல்லாவற்றையும்விட நல்லது, போனை அப்படியே கொண்டுவருவது.

போன் வந்ததும் நான் செய்வது, அதில் இருப்பதை நகலெடுத்து, அந்த நகலுக்கு ஹாஷ் கணக்கிடுவது. எஸ்எச்ஏ-256 என்ற முறையில், ஃபைல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் 64 எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி வரும். ஃபைலில் ஒரு காற்புள்ளியை மாற்றினால்கூட அந்த வரி முழுக்க வேறாகிவிடும். இரண்டு வருடம் கழித்து விசாரணைக்கு வரும்போது அதே வரி வந்தால், நடுவில் யாரும் கைவைக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். எம்டி5 என்ற பழைய முறையும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வேறு வேறு ஃபைல்களுக்கு ஒரே எம்டி5 வரும்படி செய்ய முடியும் என்று 2004லேயே சீன ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். எஸ்எச்ஏ-1க்கும் 2017ல் அதே கதி வந்தது, கூகுளும் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ நிறுவனமும் செய்துகாட்டின. ஆகவே நான் 256 மட்டும்தான் எழுதுகிறேன்.

சட்டமும் இதைக் கேட்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று ஒரு பிரிவு இருந்தது. டிஜிட்டல் நகலைக் கோர்ட்டில் வைக்க அதன்படி சான்றிதழ் தர வேண்டும் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2020ல் மறுபடி உறுதியாகச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியமில் அது 63ஆம் பிரிவு. இப்போது சான்றிதழ் இரண்டு பகுதி. முதல் பகுதியை ஆதாரத்தைத் தருபவரும், இரண்டாம் பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். ஹாஷ் மதிப்பை அதிலேயே எழுத வேண்டும். நம் ஊர் வக்கீல்கள் பலர் இந்தப் படிவத்தை வழக்கு விசாரணைக்கு வரும் வாரத்தில்தான் தேடுகிறார்கள். ஆதாரம் கைக்கு வந்த அன்றே ஹாஷ் எடுத்துவிட்டால் பாதிச் சண்டை முடிந்த மாதிரி.

ஏற்காட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், ஆட்களையும் தோட்டத்தையும் அடையாளம் தெரியாதபடி. ஒரு காப்பித் தோட்டத்துக் குடோனிலிருந்து மூட்டைகள் காணாமல் போயின. குடோன் வாசலில் ஒரு கேமரா உண்டு. இரவு 10:25க்குக் கதவு திறக்கிறது, வண்டி ஒன்று பின்பக்கமாக வந்து நிற்கிறது, ஆட்கள் முகம் தெரியவில்லை. இரவுக் காவல்காரருக்குப் பத்து மணிக்கு வேலை ஆரம்பம். வயதானவர், மலைக்காரர். அவர்தான் கதவைத் திறந்துவிட்டிருப்பார் என்று முடிவே கட்டிவிட்டார்கள்.

என்னைக் கூப்பிட்டது அவருடைய மகள். மேலே போய்ச் சேர்ந்ததும், கேமராப் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டியைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்தேன். அதன் திரையில் ஓடும் நேரமும் என் போனில் ஓடும் நேரமும் ஒரே படத்தில் விழும்படி எடுத்தேன். டிவிஆர் 46 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு இணைய இணைப்பு இல்லை, ஆகவே தானாக நேரத்தைச் சரிசெய்துகொள்ள வழியில்லை. நாளுக்கு இரண்டு வினாடி கூடுதலாக ஓடும் கடிகாரம் நான்கு வருடத்தில் 48 நிமிடம் முந்திவிடும். வாங்கி மாட்டிய நாளிலிருந்து யாரும் அதைத் திருத்தவே இல்லை.

சரி, இன்று 46 நிமிடம் என்றால் அன்றும் 46 நிமிடம்தானா? அதற்கும் ஒரு பிடி வேண்டும். அந்த வாரம் இடி மின்னலில் கரன்ட் போயிருந்தது. டிவிஆருக்கு யுபிஎஸ் கிடையாது, பதிவு அறுந்த நேரம் அதில் இருந்தது. மின்வாரிய அலுவலகத்துக் குறிப்பில் கரன்ட் போன நேரம் இருந்தது. இரண்டுக்கும் இடைவெளி அதே 46 நிமிடம். அப்படியானால் கதவு திறந்தது உண்மையில் 9:39க்கு.

பெரியவரிடம், "ஐயா, அன்னைக்கு நீங்க எப்படி வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். "கீழ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு பஸ்ல தான் கண்ணு வந்தேன்" என்றார். மகள் அவருடைய மருந்துச் சீட்டுகளை வைத்திருந்த பையைக் கொட்டினாள். மாத்திரை அட்டைக்குள் மடித்துச் செருகிய பஸ் டிக்கெட். கண்டக்டர் மெஷினில் அடித்த டிக்கெட்டில் தேதியும் நேரமும் இருக்கும். எழுத்து மங்கிப்போயிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது: இரவு 9:04, ஏறிய இடம் சேலம். சேலத்திலிருந்து மேலே வர ஒரு மணி நேரமாவது ஆகும். கதவு திறந்தபோது அவர் கொண்டை ஊசி வளைவுகளில் எங்கேயோ பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்.

வெயிலில் வைத்தாலே அழிந்துபோகும் ஒரு தெர்மல் தாளும், யாரும் திருத்தாத ஒரு கடிகாரமும் சேர்ந்து அந்த மனிதரைக் காப்பாற்றின. டிவிஆர் பதிவு இருபது, முப்பது நாளில் தானாக மேலெழுதப்பட்டுவிடும். மகள் இன்னும் பத்து நாள் தாமதித்திருந்தால் கேட்பதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

வண்டி யாருடையது என்று தெரிந்ததும் அந்த வண்டிக்காரர்கள் சொன்ன பதில்தான் இந்தக் காலத்துப் பதில். "இப்பல்லாம் எல்லாமே ஏஐல செய்யறாங்க, இது எங்க வண்டியே இல்ல." இப்படி ஒன்று வரும் என்று ராபர்ட் செஸ்னி, டேனியல் சிட்ரான் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் சில வருடங்களுக்கு முன்பே எழுதினார்கள். பொய்யான வீடியோக்கள் பெருகப் பெருக, உண்மையான வீடியோவையும் பொய் என்று சொல்லித் தப்பிப்பது சுலபமாகும் என்றார்கள். போலி வீடியோவைவிட எனக்கு இதுதான் அதிகக் கவலை. போலி என்றைக்காவது பிடிபடும். உண்மையை நம்ப மறுப்பதற்கு ஒரு சாக்கு எல்லோர் கையிலும் எப்போதும் இருந்தால், வலியவர் பக்கம்தான் நியாயம் சாயும்.

அந்தச் சாக்குக்குப் பதில் வீடியோவை உற்று உற்றுப் பார்ப்பதில் இல்லை. ஏஐயைக் கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லும் கருவிகளை நான் அறிக்கையில் சேர்ப்பதில்லை. நான்கு பேருக்கு ஃபார்வர்டு ஆகிச் சுருங்கிய வீடியோவில் அவை தேடும் நுண்ணிய அடையாளங்கள் எல்லாம் கரைந்துபோயிருக்கும். மூலப் பெட்டி கையில் இருந்தால் நிலைமை வேறு. டிவிஆரின் ஹார்ட் டிஸ்க்கில் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவில், முன்னும் பின்னும் வாரக்கணக்கில் இடைவெளியில்லாமல் ஓடும் பதிவின் நடுவே அந்தப் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கிறது. கரன்ட் போன இடத்தில் அறுந்திருக்கிறது. அதன் நடுவில் ஒரு போலியைச் செருகி, சுற்றியுள்ள எல்லாவற்றையும் அதற்கேற்பத் திருத்துவது லேசில் ஆகிற காரியமில்லை. அந்த டிஸ்க்கைக் கழற்றி, எழுதவிடாமல் தடுக்கும் கருவி வழியாக நகலெடுத்து, ஹாஷோடு ஒப்படைத்ததால்தான் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. பென் டிரைவில் வெட்டிக் கொடுத்த துண்டு வீடியோ மட்டும் இருந்திருந்தால் எனக்கும் பதில் இருந்திருக்காது.

மூலம் என்ற ஒன்றே இப்போது குழப்பமாகி வருவதையும் சொல்லத்தான் வேண்டும். போன் கேமராக்கள் இரவில் பல ஃபிரேம்களை ஒன்றாகக் கலந்து ஒரு படம் தருகின்றன. மங்கலான நிலாவைப் படமெடுத்தால் ஏஐ விவரம் சேர்த்துத் தெளிவாக்கித் தரும் ஒரு பிரபல போனைப் பற்றி 2023ல் பெரிய விவாதமே நடந்தது. நிலாவில் நடந்தால் பரவாயில்லை. தூரத்தில் நிற்கும் வண்டியின் நம்பர் பிளேட்டில் நடந்தால்? ஆகவே நம்பர் பிளேட்டை மட்டும் நம்பி எழுதாதீர்கள் என்று போலீஸ் நண்பர்களிடம் சொல்லி வருகிறேன்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று வினாடிக் குரல் மாதிரி இருந்தாலே அதேபோலப் பேசவைக்கும் ஏஐ மாடலை மைக்ரோசாஃப்ட் 2023 தொடக்கத்தில் காட்டியது. 2024ல் ஹாங்காங்கில் ஒரு பொறியியல் நிறுவனத்தின் ஊழியர், வீடியோ மீட்டிங்கில் தெரிந்த மேலதிகாரிகள் சொன்னார்கள் என்று சுமார் 2.5 கோடி டாலரை அனுப்பினார். திரையில் இருந்தவர்கள் எல்லாம் போலி. வெளிநாட்டில் இருக்கும் மகன் குரலில் பணம் கேட்டால், போனை வைத்துவிட்டு, அவனுடைய பழைய எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வேண்டும், சொந்தக்காரர்களைக் கலந்து பேச அப்புறம் நேரம் இருக்கிறது.

இனி கிளவுட், அதாவது நம் ஃபைல்களை இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினியில் வைப்பது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு கொலுசுப் பட்டறைக்காரர். எந்த ஊர்க் கடைக்கு என்ன டச் (வெள்ளியின் சுத்தம்), கிலோவுக்கு என்ன கூலி, சேதாரம் எவ்வளவு, யார் எவ்வளவு பாக்கி என்று வருடக்கணக்கான வியாபாரம் முழுவதும் ஒரு ஷீட்டில் இருந்தது. அதை ஆடிட்டர் பார்க்க வேண்டும் என்று, லிங்க் வைத்திருக்கும் யாரும் பார்க்கலாம் என்ற அமைப்பில் கிளவுட் டிரைவில் திறந்துவிட்டிருந்தார்கள். லிங்க் வாட்ஸ்அப் குரூப்பில் போனது, குரூப்பிலிருந்து எங்கே போனதோ தெரியாது. திடீரென்று இன்னொரு பட்டறை இவருடைய கடைகளுக்கெல்லாம் இவரைவிடக் கொஞ்சமே கொஞ்சம் குறைத்து விலை சொல்ல ஆரம்பித்தது. வேலையை விட்டு நின்ற ஒரு பையன்மேல் சந்தேகம்.

"ஏங்க மேடம், யார் பாத்தாங்கன்னு அதுல இருக்காதுங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்கண்ணா. யார் திருத்தினாங்கன்னு இருக்கும். இந்த இலவசக் கணக்குல யார் படிச்சாங்கன்னு வராதுங்க."

அவர் நம்பவே இல்லை. தன் கண் முன்னால் இருக்கும் ஷீட், தன் பெயரில் இருக்கும் கணக்கு, அதைத் திறந்தவர் யார் என்று தனக்கே தெரியாது என்பதை ஏற்றுக்கொள்ள அவருக்கு நேரம் பிடித்தது. அந்தப் பையன்தான் செய்தான் என்று நான் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. ஏற்காட்டில் ஒரு டிக்கெட் கிடைத்தது, இங்கே அப்படி ஒன்றும் இல்லை. அவனை மறுபடி அந்தத் தெருவில் யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

கிளவுட் என்றால் பாதுகாப்பு முழுவதும் அவர்கள் பொறுப்பு என்று நினைக்கிறோம். ஒப்பந்தத்தில் பொறுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கும். கட்டடம், மெஷின், டிஸ்க் அவர்களுடையது. யாருக்கு எதைத் திறந்துவிடுவது, எதைப் பதிவு செய்வது என்பது நம்முடையது. 2019ல் அமெரிக்காவின் கேப்பிடல் ஒன் வங்கியில் 10 கோடிப் பேருக்கும் மேற்பட்டவர்களின் விவரம் போனது. கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டரை யாரும் உடைக்கவில்லை. வெளியிலிருந்து வருவதை வடிகட்ட வங்கி வைத்திருந்த ஃபயர்வாலின் அமைப்பில் ஒரு தவறு, அதற்குத் தேவைக்கு மேல் அனுமதி, அவ்வளவுதான். அமேசான் கிளவுட்டில் யார் என்ன அமைப்பை மாற்றினார்கள் என்ற வரலாறு 90 நாள் தானாக இருக்கும். எந்த ஃபைலை யார் படித்தார்கள் என்பது நீங்கள் இயக்கி வைத்தால்தான் பதியும்.

2023ல் சீனாவைச் சேர்ந்தது என்று மைக்ரோசாஃப்ட் சொன்ன ஒரு குழு, அந்நிறுவனத்தின் டிஜிட்டல் சாவி ஒன்றைக் கொண்டு அமெரிக்க வெளியுறவுத் துறை உட்பட சுமார் 25 அமைப்புகளின் மின்னஞ்சலைப் படித்தது. அதைக் கண்டுபிடித்தது வெளியுறவுத் துறைதான். கூடுதல் காசு கட்டி விரிவான லாக் வாங்கி வைத்திருந்ததால் முடிந்தது. காசு கட்டாதவர்களுக்கு அந்த லாக்கே இல்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு மைக்ரோசாஃப்ட் அவற்றை மற்றவர்களுக்கும் திறந்தது, வைத்திருக்கும் காலத்தையும் 90 நாளிலிருந்து 180 நாளாக உயர்த்தியது. இந்தியாவிலும் 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், ஊடுருவல் நடந்தால் 6 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. தன் வீட்டில் நடந்த திருட்டைத் தெரிந்துகொள்ளத் தனியாகக் காசு கேட்பது நியாயமே இல்லை. யார் படித்தார்கள் என்ற விவரம் இலவசக் கணக்கிலும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கொலுசுப் பட்டறைக்காரருக்கும் அது வேண்டும், அந்தப் பையனுக்கு அதைவிட அதிகமாக வேண்டும்.

கிளவுட்டில் பதிவு இருந்தும் நம் கைக்கு நேரத்தில் வராமல் போவது இன்னொரு கொடுமை. 2016ல் எங்கள் சேலம் மாவட்டத்தில் ஒரு இளம்பெண்ணின் முகத்தை வேறு படத்தோடு ஒட்டி ஃபேஸ்புக்கில் போட்டார்கள். குடும்பம் புகார் கொடுத்தது. கணக்கை இயக்கியது யார் என்ற விவரம் வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து வர வேண்டும் என்று காத்திருந்த நாட்களில் படங்கள் மறுபடி வந்தன. அந்தப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டார். அன்றைக்கு அதைச் செய்ய ஒருவன் உட்கார்ந்து வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு ஒரு நல்ல படம் கிடைத்தால் போதும், மீதியை ஆப் செய்துவிடும். ஆகவே இப்படி ஒரு புகாரோடு வரும் பெண்ணிடம் எடுத்த எடுப்பில் நான் சொல்வது இதுதான்: அது உங்கள் உடம்பு இல்லை, உங்கள் தப்பும் இல்லை, லிங்க்கை அழிக்காமல் முழு முகவரியோடு எனக்குக் கொடுங்கள். படம் நீங்கிவிட்டாலும் அந்த முகவரியும் கணக்கின் அடையாளமும் கையில் இருந்தால், பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி போலீஸ் அந்த நிறுவனத்திடம் கேட்கலாம். சைபர் கிரைம் போர்ட்டலிலும் இப்படிப்பட்ட புகாரைப் பெயர் சொல்லாமல் கொடுக்க வழி இருக்கிறது.

இவ்வளவு நேரம் பதிவு வேண்டும், பதிவு வேண்டும் என்று சொன்னவள் இப்போது அதன் மறுபக்கத்துக்கு வருகிறேன். ஒருவர் என்னிடம் போனைக் கொடுத்து பேட்டர்ன் போட்டுக் காட்டுவது, ஒரு அறையைப் பார்க்க வந்தவளிடம் வீட்டுக் கொத்துச் சாவியையே கொடுப்பது மாதிரி. அவருக்கு வந்த மிரட்டல் ஒரு பத்து மெசேஜ். அதோடு அவருடைய ஸ்கேன் ரிப்போர்ட், மகளின் பள்ளிப் படம், அண்ணியோடு போட்ட சண்டை, நகைக் கடன் ரசீது எல்லாம் என் கணினிக்கு வந்துவிடுகிறது. அண்ணி என்னிடம் எதற்கும் சம்மதம் சொல்லவில்லை. 2017 ஆகஸ்ட் 24ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோது அது அண்ணிக்கும் சேர்த்துத்தான். 2023ல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. அதில் அரசுக்குக் கொடுத்திருக்கும் விலக்குகள் மிகப் பெரியவை என்பது என் கருத்து. சட்டம் எப்படி இருந்தாலும், மேஜைமேல் இருக்கும் போனுக்கு அப்போது பொறுப்பு நான்தான்.

ஏஐ இங்கே ஒரு புதிய ஆபத்தைக் கொண்டுவந்திருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வக்கீல் அலுவலகங்களில் ஜூனியர்கள் கட்சிக்காரரின் வாட்ஸ்அப் உரையாடலை எக்ஸ்போர்ட் செய்து, நூற்றுக்கணக்கான பக்கத்தை அப்படியே சாட்பாட்டில் போட்டு, சுருக்கித் தா என்று கேட்கிறார்கள். வேலைச் சுமை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த உரையாடல் நம் மேஜையை விட்டு வேறொருவர் சர்வருக்குப் போய்விட்டது. 2023ல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் மென்பொருள் நிரலையே இப்படிச் சாட்ஜிபிடியில் போட்டுவிட, நிறுவனம் அதற்குத் தடை விதித்தது. அழித்துவிட்டால் போயிற்று என்பார்கள். நியூயார்க் டைம்ஸ் தொடுத்த வழக்கில் 2025 மே மாதம் அமெரிக்க நீதிமன்றம், பயனர்கள் அழித்த உரையாடல்களையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐக்கு உத்தரவிட்டது. சில மாதங்கள் அது நடைமுறையில் இருந்தது. அந்த வழக்குக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் சேலத்திலிருந்து ஒருவர் அழித்ததும் அங்கே தங்கியிருக்கக்கூடும்.

அந்தரங்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், சுருக்கமே தப்பாக வருகிறது. என் மேஜைக்கு வந்த ஒரு சுருக்கத்தில், ஒரு பெண் பணம் வாங்கச் சம்மதித்தார் என்று எழுதியிருந்தது. எக்ஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தேன். "ஐம்பதாயிரம் தரேன், கேஸை வாபஸ் வாங்கு" என்று கணவன் எழுதியிருக்கிறான். அடுத்த வரியில் இவர் "சரி" என்று எழுதியிருக்கிறார். போனின் தரவுத்தளத்தில் அந்த "சரி" வேறு மெசேஜைச் சுட்டி எழுதியது. "குழந்தைக்கு ஞாயித்துக்கிழமை போன் பண்ணட்டுமா" என்று நான்கு மெசேஜுக்கு முன்னால் அவன் கேட்டதற்கு இவர் ரிப்ளை போட்டிருந்தார். எக்ஸ்போர்ட் செய்யும் டெக்ஸ்ட் ஃபைலில் எதற்கு ரிப்ளை என்ற விவரம் வராது. ஜூனியருக்குத் தெரியவில்லை, ஏஐக்குத் தெரிய வழியே இல்லை. அந்த ஒரு வரியை எதிர்த்தரப்பு பிடித்திருந்தால் அவருடைய ஜீவனாம்ச வழக்கு எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

ஏஐயை நானும் பயன்படுத்துகிறேன். ஆயிரக்கணக்கான படங்களில் ரசீதுகளை மட்டும் பிரித்தெடுக்க, நீண்ட ஆடியோவில் எந்த இடத்தில் பேச்சு இருக்கிறது என்று தேட, இணையத்தில் இணைக்காத ஒரு கணினியில் ஓடும் சிறிய மாடல்கள் போதும். அவை காட்டும் இடத்துக்குப் போய் நான் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு எழுதுகிறேன். மெஷின் சொன்னது எதுவும் அறிக்கையில் முடிவாகப் போகாது.

பெண்கள் போனைக் கொடுக்கும்போது திரும்பத் திரும்பக் கேட்பது, "இதை யாரெல்லாம் பாப்பாங்கக்கா?" என்றுதான். இப்போது அதற்கு வாயால் பதில் சொல்வதில்லை, தமிழில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்த எண்ணோடு பேசியதை மட்டும் எடுக்கிறேன், யார் கையில் கொடுக்கிறேன், எந்தச் சாட்பாட்டிலும் போடக்கூடாது என்று அதில் எழுதி, நானும் அவரும் வக்கீலும் கையெழுத்துப் போடுகிறோம். கையெழுத்துப் போட மறுத்த வக்கீல்களும் உண்டு. அந்த வேலையை நான் எடுப்பதில்லை. தாளின் நகல் ஒன்று அந்தப் பெண்ணிடம் இருக்கும். வழக்கு முடிந்து, மேல்முறையீட்டுக் காலமும் தாண்டி, என்னிடம் இருக்கும் நகலை அழித்த பிறகு, அழித்த தேதியையும் நேரத்தையும் அதே தாளில் எழுதிக் கொடுக்கிறேன்.